தடக்காற்றும் தீவு மழையும்



"மழை பெய்தது" என்பது எழுவாயும் பயனிலையும் மட்டுமே அமைந்த மிகச் சிறிய வாக்கியம். மூன்றாம் வகுப்புக் குழந்தையும் அதனைப் பிழையின்றி எழுதும். ஆயினும், அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் கடலும் காற்றும் மலையும் மரமும் கூடிச் செய்யும் வேலை எத்துணைப் பெரிது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வேலையைத் தெளிவாகக் காண்பதற்கு உலகிலே சில இடங்கள் சோதனைச்சாலைகளைப் போல அமைந்திருக்கின்றன. அவற்றுள் தலைசிறந்த ஒன்று, பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுக் கூட்டம். அத்தீவுகளின் மேல் மேகம் எவ்வாறு கவிகிறது, மழை எவ்வாறு பொழிகிறது, அந்த மழை எவருக்குக் கிடைக்கிறது, எவருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் பூகோளப் படத்தை விரித்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 19 பாகை முதல் 22 பாகை வரையில், அருகில் வேறு பெருநிலம் எதுவுமின்றி, எட்டுப் பெருந்தீவுகள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். அமெரிக்கக் கண்டத்தின் கரை அவற்றிலிருந்து 3,600 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. எரிமலைகள் கடலடியிலிருந்து எழுந்து உண்டாக்கிய தீவுகள் இவை. 1959ஆம் ஆண்டு முதல் இவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒரு மாநிலமாக இருந்து வருகின்றன. கவாயி, ஓவாஹு, மவுயி, லானாய், எல்லாவற்றினும் பெரிய ஹவாய்த் தீவு ஆகிய பெயர்களை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்றைய பேச்சுக்குப் போதும்.

இத்தீவுகளின் மேல் வடகிழக்கிலிருந்து ஒரு காற்று வீசுகிறது. கோடையில் அநேகமாக எல்லா நாட்களிலும், குளிர்காலத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களிலும் அது வீசுகிறது. இதனை நம் பாடநூல்கள் சில 'வியாபாரக் காற்று' என்றும், சில 'தடக்காற்று' என்றும் வழங்குகின்றன. பாய்க்கப்பல் வணிகருக்கு இக்காற்று பெரிதும் உதவியது உண்மையே. ஆனால், ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரில் உள்ள சொல்லுக்குப் பழங்காலத்தில் 'வழி' அல்லது 'தடம்' என்பதே பொருள். ஒரே தடத்தில் மாறாமல் வீசுவதனால் அப்பெயர் வந்தது. ஆகவே 'தடக்காற்று' என்னும் சொல்லே பொருளுக்குப் பொருத்தமானது. இன்றைய பேச்சில் அதனையே ஆள்கிறேன்.

இக்காற்று ஏன் வீசுகிறது? எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கிலேய வானநூல் அறிஞர் 1686ஆம் ஆண்டில் தடக்காற்றுகளின் படம் ஒன்றை வரைந்து, ஞாயிற்றின் வெப்பமே இவற்றுக்குக் காரணம் என்று கூறினார். ஜார்ஜ் ஹாட்லி என்பவர் 1735ஆம் ஆண்டில் அவ்விளக்கத்தை மேலும் திருத்தினார். நிலநடுக்கோட்டை அடுத்த பகுதியில் சூடான காற்று மேலெழுகிறது; அந்த இடத்தை நிரப்ப இரு பக்கங்களிலிருந்தும் காற்று வருகிறது; பூமி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்வதனால், வரும் காற்று நேராக வராமல் கிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. ஹாட்லியின் விளக்கத்தில் பிற்காலத்தார் சில திருத்தங்களைச் செய்தனர் என்றாலும், அடிப்படைக் கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.

மேலெழுந்த காற்று எங்கே போகிறது? அது உயரத்திலே துருவங்களை நோக்கிச் சென்று, 30 பாகையை ஒட்டிய பகுதிகளில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்படுகிறது. சைக்கிள் பம்பை நன்றாக அடித்தால் அதன் அடிப்பாகம் சூடேறுவதை நீங்கள் தொட்டு அறிந்திருப்பீர்கள். அதுபோலவே அமுக்கப்படும் காற்றும் வெப்பமடைகிறது. ஈரம் குன்றி வறண்டும் போகிறது. இந்த வறண்ட வெப்பக் காற்று, கடலை ஒட்டிக் கிடக்கும் குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் ஒரு மூடியைப் போல அமர்கிறது.

இந்த மூடிதான் இன்றைய பேச்சின் உயிர்நாடி. வழக்கமாக, நாம் உயரே போகப் போகக் குளிர் அதிகமாகும். ஆனால் ஹவாய்க்கு மேலே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு மெல்லிய அடுக்கில் இந்த விதி தலைகீழாகிறது. மேலே போனால் வெப்பம் கூடுகிறது. இதனை 'வெப்பத் தலைகீழ் நிலை' என்பர். கீழிருந்து எழும் மேகம் இவ்வடுக்கைத் தொட்டதும், தன்னைவிட வெப்பமான, ஆகவே தன்னைவிட இலேசான காற்றைச் சந்திக்கிறது. அதற்கு மேல் அதனால் எழ இயலாது. அடுப்பின் மேல் மூடி வைத்த பாத்திரத்தில் ஆவி மூடியை முட்டிப் பக்கவாட்டில் பரவுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல மேகமும் தட்டையாகப் பரவி நின்றுவிடுகிறது.

இதனால் விளைவது என்ன? நடுக்கடலில் தடக்காற்றில் மிதக்கும் மேகங்கள் சிறியவை. வெண்பஞ்சுப் பொதி போன்றவை. இவற்றைத் திரள் முகில் என்கிறோம். இவற்றின் அடி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரத்திலும், முடி பெரும்பாலும் 2,000 மீட்டர் அளவிலும் இருக்கும். பருவக்காற்று முகில்கள் பன்னிரண்டு, பதினைந்து கி.மீ. உயரம் எழுந்து இடியும் மின்னலுமாக முழங்குவதோடு ஒப்பிட்டால் இவை குள்ள முகில்கள். ஆகவே ஹவாயைச் சூழ்ந்த திறந்த கடலில் ஆண்டுக்கு 600 முதல் 750 மி.மீ. மழையே பெய்கிறது. சுற்றிலும் எல்லையற்ற தண்ணீர். மேலேயோ அளவான மழை!

இனி, இதே காற்று தீவை வந்து முட்டும்போது நிகழ்வதைக் காண்போம். மலை வழியை மறிப்பதனால் காற்று சரிவில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஈரம் திவலையாகும் வரையில், 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1 பாகை வெப்பம் குறைகிறது. குளிர்ந்த காற்று தன்னிடமுள்ள நீராவியை எல்லாம் ஏந்தி நிற்க மாட்டாது. மிகுதியானது நுண்துளிகளாகிறது, மேகம் தடிக்கிறது, மழை பொழிகிறது. நடுக்கடலில் இல்லாத ஏணி ஒன்றை மலை காற்றுக்குக் கொடுக்கிறது எனலாம்.

இந்த ஏணியின் வலிமையைச் சில அளவுகளால் அறியலாம். கவாயித் தீவின் நடுவே வாயலேயலே என்றொரு மலை இருக்கிறது. உயரம் 1,569 மீட்டர். அதாவது மேகமூடிக்குச் சற்றே கீழே. அங்கே ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 10,000 மி.மீ. மழை பெய்கிறது. உலகிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. அம்மலையிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், அதே தீவின் கடற்கரையில், ஆண்டு மழை 500 மி.மீ. அளவுதான். ஒரு மாணவன் காலையில் சைக்கிளில் புறப்பட்டால் நண்பகலுக்குள் கடந்துவிடக்கூடிய தூரத்தில், மழை இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது!

காற்று வந்து மோதும் பக்கத்தைக் காற்றுமுகப் பக்கம் என்றும், அதற்கு எதிர்ப்புறத்தை மழை மறைவுப் பக்கம் என்றும் வழங்குகிறோம். மலையைத் தாண்டிய காற்று மறுபுறம் இறங்குகிறது. இறங்கும்போது அமுக்கப்பட்டு வெப்பமடைகிறது. மேகம் கரைந்து மறைகிறது. ஓவாஹுத் தீவில் ஹொனலூலு விமான நிலையத்தில் ஆண்டுக்கு 430 மி.மீ. அளவே மழை. அங்கிருந்து 15 கி.மீ.க்குள் மனோவாப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் சுமார் 4,000 மி.மீ. மழை. பள்ளத்தாக்கில் தூறும்போது கடற்கரையில் வெயில் காயும். ஆகவே அங்கே வானவில் தோன்றாத நாட்கள் குறைவு.

இவ்விடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். "ஐயா, மலை உயர உயர மழையும் மிகும் என்றால், ஹவாயிலுள்ள மிக உயர்ந்த மலையின் உச்சியில் அல்லவா மிகுந்த மழை பெய்ய வேண்டும்?" நல்ல கேள்வி. பெரிய தீவில் மௌனா கேயா என்னும் மலை 4,207 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சியை ஒட்டிய பகுதி, அந்த மாநிலத்திலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடம்; ஆண்டுக்கு 200 மி.மீ. அளவுதான். காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம். உச்சி, மேகமூடிக்கு மேலே நிற்கிறது. ஈரக் காற்று அந்த உயரத்திற்கு ஏற மாட்டாமல் மலையின் இருமருங்கும் பிரிந்து சுற்றிக்கொண்டு போகிறது. ஆகவே இம்மாமலைகளில் மிகுந்த மழை பெய்வது 600 முதல் 1,200 மீட்டர் வரையிலான இடைச்சரிவில்தான். இடையில் மேகத்தை ஆடையாக உடுத்தி, தலையை வெயிலில் நீட்டி நிற்கிறது மலை.

அந்த வறண்ட தெளிந்த வானம் அறிவியலுக்குப் பெருந்துணை செய்திருக்கிறது. மௌனா கேயாவின் உச்சியில் உலகின் பெரிய தொலைநோக்கிகள் சில அமைந்துள்ளன. அண்டையிலுள்ள மௌனா லோவாவின் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், 1958ஆம் ஆண்டு சார்லஸ் கீலிங் என்னும் அறிஞர் காற்றிலுள்ள கரியமிலவாயுவை அளக்கத் தொடங்கினார். 2022ஆம் ஆண்டில் எரிமலை வெடித்தபோது அப்பணி தற்காலிகமாக மௌனா கேயாவுக்கு மாற்றப்பட்டது. உலகம் வெப்பமடைவதற்குக் காரணமான வாயு ஆண்டுதோறும் கூடி வருவதை நமக்கு ஐயமற உணர்த்தியது அந்த இடத்து அளவே.

உயரம் மிகையானாலும் மழையில்லை, குறைவானாலும் மழையில்லை. கஹோலாவே என்னும் சிறு தீவு 450 மீட்டர் உயரமே உடையது. அன்றியும் மவுயித் தீவிலுள்ள 3,055 மீட்டர் உயரமான ஹாலேயாகலா மலையின் மறைவில் கிடக்கிறது. ஆகவே அது வறண்ட தீவு. கடல் நடுவே இருந்தால் மட்டும் போதாது. காற்றை ஏறச் செய்யும் உயரமும், காற்று நேரே வந்து சேரும் நிலையும் வேண்டும்.

இனி மேகத்திற்கு உள்ளேயே சற்று நுழைந்து பார்ப்போம். மேகத்திலுள்ள ஒரு நுண்துளி, குறுக்களவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு இருக்கும். இத்தகைய துளிகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அவை எவ்வாறு சேருகின்றன? 1930களில் வானிலை அறிஞர் பலர், மேகத்தின் மேற்பகுதி உறைநிலைக்குக் கீழே குளிர்ந்து பனிப்படிகங்கள் உண்டானால்தான் நல்ல மழை பெய்யும் என்று கருதினர். குளிர்நாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் தடக்காற்று முகில்களின் முடியிலும் உறைநிலை இல்லை, மழையோ பெய்கிறது! 1954ஆம் ஆண்டில் ஹவாயில் அறிஞர் பலர் கூடி இதனை ஆராய்ந்தனர். அலைகள் உடையும்போது காற்றில் கலக்கும் கடலுப்புத் துகள்களின் மேல் நீர் படிந்து சற்றே பெரிய துளிகள் உண்டாகின்றன; அவை விரைந்து விழும்போது சிறு துளிகளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டு பெருக்கின்றன. பனியின்றிப் பெய்யும் இதனை 'வெப்ப மழை' என்பர்.

இத்துறையில் உழைத்தவர்களுள் ஒருவரை மாணவியர் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஜோவான் சிம்ப்ஸன் என்பவர் 1949ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வானிலை இயலில் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாட்டில் அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. அக்காலத்தில் பலர் ஆராயத் தகுதியற்றவை என்று ஒதுக்கிய சிறு திரள் முகில்களையே அவர் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். முகில் தன்னைச் சூழ்ந்த வறண்ட காற்றை உள்ளே இழுத்துக்கொள்வதனால் எவ்வாறு மெலிகிறது என்பதை விளக்குவதில் அவருடைய பங்கு பெரிது. சிறியதென்று கருதப்பட்டதைச் சிரத்தையோடு பார்ப்பவரே பெரியதைக் கண்டுபிடிக்கிறார்.

மழை பெய்யும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். பெரிய தீவின் கீழ்க்கரையில் உள்ள ஹிலோ நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,200 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும் பெய்கிறது. இரவில் மலைச்சரிவு குளிர்வதனால் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கிக் கடலுக்குப் போகிறது; அங்கே எதிரே வரும் தடக்காற்றோடு மோதுகிறது; மோதிய இடத்தில் காற்று எழுகிறது; முகில் வரிசை அமைகிறது. அதே தீவின் மேற்கிலுள்ள கோனாச் சரிவிலோ நிலைமை வேறு. மாமலைகள் தடக்காற்றை மறைத்துவிடுவதனால், பகல் வெயிலில் நிலம் சூடேறிக் கடற்காற்றை இழுக்கிறது. ஆகவே காலையில் வெயில், பிற்பகலில் மேகமும் மழையும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் காப்பிச் செடிக்கு ஏற்றவை. கோனாக் காப்பி பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்விதிகள் ஹவாய்க்கு மட்டும் உரியவை அல்ல. தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் மொரிஷியஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளது. ஆகவே அங்கே தடக்காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. நடுமேட்டிலுள்ள க்யூர்பீப் நகரம் மேகமும் மழையும் மிகுந்தது. வடமேற்குக் கரையிலுள்ள தலைநகர் போர்ட் லூயி வெயில் மிகுந்தது. காற்றின் திசை தெரிந்தால், படத்தைப் பார்த்தே எந்தக் கரை பசுமை, எந்தக் கரை வறட்சி என்று சொல்லிவிடலாம். பூகோளம் மனப்பாடம் செய்யும் பாடம் அன்று; காரணத்தை அறிந்து முடிவைக் கூறும் பாடம்.

இனி மனிதரிடம் வருவோம். இவ்வளவு மழையும் தீவில் எங்கே தங்குகிறது? எரிமலைப் பாறை நுண்துளைகள் நிறைந்தது. மலையில் பெய்யும் நீர் அதனுள் ஊறி இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. 40 படி கடல்நீரும் 41 படி நன்னீரும் ஏறத்தாழ ஒரே எடை உள்ளவை. ஆகவே கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். மகிழ்ச்சியான கணக்குத்தான், ஆனால் அதனைத் திருப்பியும் படிக்க வேண்டும். அளவுமீறி இறைத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், அடியிலிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் ஏறிவரும். தீவு மக்களின் குடிநீர் இத்தகைய நுண்ணிய சமநிலையில் நிற்கிறது.

பழைய ஹவாய் மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரை நீளும் நிலத்துண்டுகளாகத் தீவைப் பகுத்து, ஓடை நீரைப் பாய்ச்சிச் சேம்பு பயிரிட்டு வாழ்ந்தனர். அவர்கள் மொழியில் 'வாய்' என்றால் நீர். 'வாய்வாய்' என்று இரட்டித்தால் செல்வம். நம் 'வாய்க்கால்' என்னும் சொல் உங்களுக்கு நினைவு வரலாம். அது ஒலியளவில் நேர்ந்த ஒற்றுமையே, மொழி உறவன்று. நீரின் மிகுதியே செல்வம் என்ற கருத்தில் மட்டும் இரு மக்களும் ஒன்றுபடுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் பெருகின. கரும்புக்கு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். வெயில் மழை மறைவுப் பக்கத்தில். தண்ணீரோ காற்றுமுகப் பக்கத்தில். ஆகவே மலையைக் குடைந்து நீரைக் கொண்டுபோயினர். ஓவாஹுத் தீவில் 1916ஆம் ஆண்டு முடிவுற்ற வாயாஹோலே நீர்வழி, கோலவ் மலைத்தொடரின் ஊடே சுரங்கமாகச் சென்று வறண்ட பக்கத்துக் கரும்பை வளர்த்தது. பொறியியல் திறமைக்கு அது சான்றுதான். ஆனால் காற்றுமுகப் பக்கத்து ஓடைகள் மெலிந்தன. சேம்பு பயிரிட்டவர் வாடினர். 1990களில் அங்கே கரும்புத் தொழில் முடிவுற்றபோது, அந்த நீர் யாருக்கு உரியது என்ற வழக்கு எழுந்தது. 2000ஆம் ஆண்டில் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம், நீர் பொதுமக்கள் நலனுக்காக அரசு காத்து நிற்க வேண்டிய பொதுச்சொத்து என்பதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மழையை மலை பிரித்துக் கொடுத்தது. பெய்த நீரை மனிதர் பிரித்தபோதுதான் நீதி என்னும் கேள்வி பிறந்தது.

மரங்களின் கதையையும் சொல்ல வேண்டும். லானாய்த் தீவில் ஆடுகள் மேய்ந்து காடு அழிந்திருந்தது. 1911ஆம் ஆண்டு அங்கே மேய்ச்சல் பண்ணையின் மேலாளராக வந்த ஜார்ஜ் மன்றோ என்பவர், தம் வீட்டை அடுத்து நின்ற ஊசியிலை மரத்திலிருந்து, மழையில்லாத போதும், கூரைமீது நீர் சொட்டுவதைக் கவனித்தார். தவழ்ந்து செல்லும் மேகத்தின் நுண்துளிகளை ஊசியிலைகள் சீப்பு வாரி எடுப்பது போல எடுத்துச் சொட்டச் செய்கின்றன என்பதை உணர்ந்தார்; மலைமுகட்டில் அத்தகைய மரங்களை நடச்செய்தார். பிற்காலத்தில் 1964ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி, அம்முகட்டில் மரத்தின் கீழே விழுந்த மேகநீர், அங்கே பெய்த மழையளவில் பாதிக்கும் மேல் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அதற்கு முன்பே, 1903ஆம் ஆண்டில், நீர் குன்றுவதைக் கண்டு அஞ்சிய ஹவாயில் காப்புக்காடுகளை அமைக்கச் சட்டம் இயற்றினர். காடு அழகுக்காக மட்டும் காக்கப்படவில்லை. கிணறு வற்றாமலிருக்கக் காக்கப்பட்டது.

மாணவர்களே, இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். மவுயித் தீவின் மேற்கரையில் லஹைனா என்னும் நகரம் இருந்தது. ஒரு காலத்தில் ஹவாய் அரசர்களின் தலைநகரம் அது. அதற்குப் பின்னால் பத்துக் கி.மீ. அளவில் உள்ள மலைமுகட்டில் ஆண்டுக்கு 9,000 மி.மீ. அளவு மழை, நகரத்திலோ 400 மி.மீ.கூட இல்லை. கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் அயல்நாட்டுப் புல் மண்டிக் காய்ந்து கிடந்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், மலைச்சரிவிலிருந்து கடுங்காற்று கீழ்நோக்கிப் பாய்ந்தபோது தீ பரவி, நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறங்கும் காற்று வறண்டது, வெப்பமானது என்று சற்று முன்பு படித்தோமே, அந்தப் பாடத்தின் துயரமான எடுத்துக்காட்டு அது. மலையின் ஒருபுறம் வெள்ளமாக ஓடும் நீரும் மறுபுறம் நெருப்பாக எரியும் புல்லும் ஒரே காற்றின் இரு முகங்கள்.

மேலும், 1920ஆம் ஆண்டு முதல் கிடைத்துள்ள கணக்குகளைப் பார்த்தால், ஹவாய்த் தீவுகளின் பெரும்பகுதியில் மழை குறைந்து வந்திருக்கிறது. உலகம் வெப்பமடையும்போது இனி இந்தச் சிறு முகில்கள் என்ன ஆகும் என்பது ஹவாய் மக்களை மட்டும் சார்ந்த கேள்வி அன்று. தடக்காற்று வீசும் பரந்த கடல்களின் மேல் இவை கோடிக்கணக்கில் மிதந்து, வெயிலின் ஒரு பகுதியை வானத்திற்கே திருப்பி அனுப்புகின்றன. பூமிக்கு இவை குடை. வெப்பத்தால் இக்குடை சுருங்கினால், பூமி மேலும் வெப்பமாகும். இதனை ஆராய 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல நாட்டு அறிஞர்கள் விமானங்களோடும் கப்பல்களோடும் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோஸ் அருகே கூடினர். தடக்காற்று முகில்கள், சில கணக்கீடுகள் அஞ்சியபடி எளிதில் கரைந்துவிடக் கூடியவை அல்ல என்று அந்த அளவுகளைக் கொண்டு 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறியது. இது சிறிது ஆறுதல் தரும் செய்தி. ஆயினும் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. முடிக்க வேண்டியவர்களுள் சிலர் இன்று இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுள் இருக்கலாம்.

அதற்கு முதற்படியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில், காற்று வீசும் திசை, வானத்தில் மேகம் மூடிய பங்கு, மழை பெய்ததாயின் அதன் அளவு ஆகிய மூன்றை மட்டும் எழுதி வாருங்கள். மழையை அளக்க, நேரான பக்கங்களும் தட்டையான அடியுமுள்ள ஒரு கண்ணாடிக் குவளையும் அளவுகோலும் போதும். ஓராண்டு முடிவில் அந்த ஏடு, உங்கள் ஊரின் மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த வேளையில் பெய்கிறது, எதனால் தவறுகிறது என்பதை உங்களுக்குச் சொல்லும். எவர் எழுதிய நூலிலும் கிடைக்காத அறிவு அது. ஹாலி வரைந்த படமும், கீலிங் தொடங்கிய கணக்கும், மன்றோ கவனித்த சொட்டுநீரும் இத்தகைய பொறுமையான பார்வையிலிருந்தே பிறந்தன.